கட்டிக்கு வாங்கிய நாவல் பழம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, வைகாசிக் கடைசியில், ஒரகடத்தில் நான் துப்புரவு வேலை பார்க்கும் கம்பெனியில் புற்றுநோய் பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். வெளியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். ஆனாலும் அன்று கதவோரம் நின்று முழுவதையும் கேட்டுவிட நினைத்தேன். என் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி இருந்தது. சித்திரை பிறந்த வாரமே என்னிடம் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் யாரிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்கும் கூச்சம், எனக்கு அதைவிட. வலிக்கவில்லையே, தானாகக் கரைந்துவிடும் என்று இருந்துவிட்டோம்.

கூட்டம் தொடங்கும்போது சூப்பர்வைசர் என்னை டீ கேன் எடுத்துவர கேன்டீனுக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது பாதிப் பேச்சு முடிந்திருந்தது. திரையில் கருநீலம், சிவப்பு, கறுப்பு என்று சின்னச் சின்னப் பழங்களின் படம். இந்த மாதிரிப் பழங்களைச் சாப்பிட்டு வந்தால் புற்றுநோய் வரும் ஆபத்து குறையலாம் என்று ஆராய்ச்சி நடக்கிறது, நம் ஊர் நாவல் பழமும் நல்லதுதான் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. யாரிடமும் எதையும் காட்ட வேண்டாம், கேட்க வேண்டாம். பழம் தின்றால் போதும்.

கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு அந்தப் படத்தில் இருந்த மாதிரிப் பழங்களை டப்பாவில் கொடுத்தார்கள். மிஞ்சிய டப்பா ஒன்றை எனக்கும் கொடுத்தார்கள். வீட்டில் மனைவி மூடியைத் திறந்து பார்த்தாள்.

“இன்னாயா இது, களாக்காய் மாதிரி கீது?”

“கட்டிக்கு நல்லதாம். டாக்டரம்மா சொன்னாங்க.”

“நீ போய்க் கேட்டியா அவங்களாண்ட?”

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

அதன்பிறகு தினமும் படப்பை பஸ் ஸ்டாப்பில் தள்ளுவண்டிக்காரம்மாவிடம் நாவல் பழம் வாங்கினேன். மருந்து சாப்பிடுவது போல மனைவி ஒரு நாள் விடாமல் தின்றாள். தின்று முடித்து, நீலம் பூத்த நாக்கை நீட்டிக் காட்டிச் சிரிப்பாள். கட்டி மட்டும் கல் மாதிரி ஆகிக்கொண்டே வந்தது.

ஆடி பாதியில் ஒரு நாள், வண்டிக்காரம்மா பழத்தைப் பையில் அள்ளிக்கொண்டே கேலி செய்தார்.

“இன்னாண்ணா, தெனம் டாண்ணு வந்துட்ற. இந்த வயசுல அண்ணி முழுகாம கீறாங்களா?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை. “இல்லம்மா. அதுக்கு மார்ல கட்டி கீது” என்றேன்.

அவர் கை நின்றது. “எம்மாம் நாளா?”

“சித்திரைலேர்ந்து.”

பையில் போட்ட பழத்தைத் திரும்பக் கூடையிலேயே கொட்டினார். “பழம் துன்னா கரையுற கட்டியாண்ணா அது? வராம இருக்கறதுக்குச் சொல்லியிருப்பாங்க. வந்துட்டதுக்கா சொன்னாங்க? எனக்கு உன் யாவாரமே வேணாம். காலைல அண்ணிய இட்டுகினு வா, நானும் வரேன்.”

மறுநாள் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, எங்களோடு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் கேட்க வேண்டியதையெல்லாம் அவரே ஒவ்வொருவரிடமும் கேட்டார். டாக்டர் ஒரு பெண்தான். இத்தனை நாள் நாங்கள் பயந்தது எதுவும் அங்கே இல்லை. பரிசோதித்துவிட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

“எத்தனை நாளா இருக்கு?”

மனைவி என்னைப் பார்த்தாள். “ஒரு மாசமாத்தாம்மா.”

“ஒரு மாசத்துல இவ்வளவு ஆகாதும்மா. நெஜத்தைச் சொல்லுங்க.”

“ஒரு மாசந்தாம்மா.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் திரும்பும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். “உன்னத் திட்டுவாங்கல்ல. திட்டு வாங்கினா நீ மூணு நாளு சோறு துன்ன மாட்ட” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆபரேஷன் செய்தார்கள். ஊசி போட்டார்கள், முடி கொட்டியது. அதற்குள் நோய் வேறு இடங்களுக்கும் பரவியிருந்தது. அதன்பிறகு வந்த இரண்டாவது தை மாதம் இறந்துபோனாள். கம்பெனி டாக்டரம்மாவிடம் நான் எதுவுமே கேட்கவில்லை என்பதைக் கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

போன வருடம் அதே டாக்டரம்மா மறுபடியும் வந்தார். டீ எடுக்க வேறு ஆளை அனுப்பிவிட்டு முதலிலிருந்து நின்று கேட்டேன். வலி இல்லாவிட்டாலும் கட்டி தெரிந்தால் உடனே வந்து காட்டுங்கள் என்பதுதான் அவர் பேசிய முதல் விஷயம். அன்று நான் கேன்டீனில் நின்ற நேரத்திலும் இதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் சூப்பர்வைசர் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. அந்த முதல் கூட்டம் முடிந்ததும் நான் ஊற்றிக் கொடுத்த டீயை, டாக்டரம்மா என் பக்கத்தில் நின்றுதான் குடித்தார்.

ஒரு மாதம் இல்லை, மூன்றரை மாதம். என் மனைவி எனக்காக மறைத்ததை நான் இதுவரை யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை. இப்போதும் வாய் வராமல் எழுதித்தான் சொல்கிறேன்.