ஸாரியா மதிலுக்கு வெளியே

அஜ்மானில் 'கார் லிஃப்ட்' என்று ஒன்று உண்டு. ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம். வாடகை குறைவு என்று அஜ்மானில் குடியிருந்துகொண்டு துபாயில் வேலை பார்க்கும் நாலு பேர், தினமும் ஒரே ஆளின் காரில் போய்வருவோம். ஒன்றரை மணி நேரம் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருப்போம். முன் சீட்டுக்காரர் எந்த சிக்னலில் தூங்கிப்போவார் என்றுகூடத் தெரியும். ஆனால் அவர் பெயர் தெரியாது. வண்டி ஓட்டும் பெஷாவர்க்காரரை எல்லோரும் கான் பாய் என்கிறோம். அது அவருடைய பெயர்தானா என்று யாரும் கேட்டதில்லை.

அந்தக் காரில் ஒரு ஜனவரிக் காலையில் நர்ஸ் யூனிஃபார்மில் ஒரு பெண் ஏறினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். போனில் யாரிடமோ பேசும்போது 'நைஜீரியா' என்ற சொல் என் காதில் விழுந்தது. ஐம்பத்துமூன்று வயதான நான் குழந்தை மாதிரி அவள் பக்கம் திரும்பி, "ஸன்னு, இனா குவானா?" என்றேன். வடக்கு நைஜீரியாவின் ஹௌஸா மொழியில் காலை வணக்கம். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "அது என் மொழி இல்ல ஆன்ட்டி. நான் இபோ" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இபோ என்பது தெற்கு நைஜீரியாவின் ஓர் இனம். அவள் பெயர் என்கோசி என்று பிறகு தெரிந்தது.

திருச்சிக்காரிக்கு ஹௌஸா எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அப்பா கணக்கு வாத்தியார். அந்தக் காலத்தில் நம்மூரிலிருந்து எத்தனையோ வாத்தியார்கள் நைஜீரியாவுக்குப் போனார்கள். அப்பாவுக்குக் கிடைத்தது வடக்கே ஸாரியா என்ற பழைய ஊர். போகும்போது எனக்கு இரண்டு வயது, திரும்பும்போது பதின்மூன்று. ஊரைச் சுற்றிச் செம்மண் மதில், அதன் இடிந்த துண்டுகள், தள்ளி குஃபேனா என்ற மொட்டைப்பாறை. பல நூறு வருடங்களுக்கு முன் அமினா என்ற அரசி அங்கே இருந்தாள் என்று பள்ளியில் சொல்லித்தந்தார்கள். குதிரை மேல் படைக்கு முன்னால் போவாளாம். பாளையம் இறங்கிய இடத்திலெல்லாம் மதில் எழுப்புவாளாம். பள்ளி நாடகத்தில் நான்தான் அமினா. அம்மாவின் அரக்குப் பட்டுப்புடவையைத் தலைப்பாகையாகக் கட்டி, இரட்டைப் பின்னலை உள்ளே செருகிவிட்டார்கள். ஒரு விடுமுறையில் தெற்கே யொரூபாக்காரர்களின் புனித நகரமான இஃபேவுக்குப் போனோம். எதிரியிடம் வேண்டுமென்றே சிறைப்பட்டு, அவர்கள் ரகசியத்தை அறிந்துவந்து ஊரைக் காப்பாற்றிய மொரேமியின் கதையை அங்கே கேட்டோம். அதற்கு ஈடாக அவள் ஒரே மகனை ஆற்றுக்குக் கொடுத்தாள் என்றதும் அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

திருச்சிக்குத் திரும்பியபின் வகுப்பில் எனக்கு 'ஆப்பிரிக்கா' என்று பெயர். இன்றும் யாராவது எந்த ஊர் என்றால் வாய் திருச்சி என்கிறது. கண்ணுக்குள் வருவது அந்தச் செம்மண் மதில்.

அதனால் நான் விடவில்லை. தினமும் அமினாவையும் குஃபேனாவையும் பற்றி என்கோசியிடம் பேசிக்கொண்டே வந்தேன். மூன்றாவது வாரம் அவள் பதில் சொன்னாள். அவளுடைய தாத்தா ஸாரியா ரயில் நிலையத்தில் கிளார்க்காக இருந்தாராம்.

"அந்த மதிலுக்குள்ள எங்கள மாதிரி ஆளுங்களக் குடிவைக்க மாட்டாங்க ஆன்ட்டி. வெளிய, ஸபோன் காரியிலதான் இருக்கணும்."

ஸபோன் காரி எனக்குத் தெரியும். வெளியூர்க்காரர்களின் குடியிருப்பு. சனிக்கிழமைகளில் அப்பா அங்கேதான் ரொட்டி வாங்குவார். அறுபதுகளில் வடக்கே இபோ மக்களைத் தேடித்தேடிக் கொன்றபோது, அவளுடைய பாட்டி ஐந்து பிள்ளைகளோடு ரயிலேறித் தெற்கே தப்பியிருக்கிறாள். நடுப்பிள்ளைதான் என்கோசியின் அப்பா. அப்போது ஒன்பது வயது. டியூட்டியை ஒப்படைத்துவிட்டு அடுத்த ரயிலில் வருகிறேன் என்ற தாத்தா வரவேயில்லை. இதையெல்லாம் அவள் குரல் ஏறாமல் சொன்னாள். அவர்கள் ஊர்ப்பக்கம், இபோ உக்வுவில், ஒருவர் வீட்டுக்குத் தண்ணீர்த்தொட்டி வெட்டியபோது ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வெண்கலப் பாத்திரங்கள் கிடைத்தனவாம். "அத உங்க ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

நாங்கள் அங்கே போனது அது நடந்து ஏழெட்டு வருடம் கழித்து. யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அப்பா ரொட்டி வாங்கிய கடை முன்பு யாருடையதாக இருந்தது என்று நினைத்துக்கொண்டே அன்று வேலை பார்த்தேன். அதன்பின் காரில் நான் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரலில் லீவுக்குத் திருச்சி போனபோது பழைய ஆல்பத்தைப் புரட்டினேன். நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று ஸாரியா ரயில் நிலையத்தில் எடுத்த படம் ஒன்று இருந்தது. அப்பா, அம்மா, அழுது முகம் வீங்கிய நான். என்கோசியின் கதையைச் சொல்லி அதை உருவி எடுத்தபோது அம்மா தடுத்தாள்.

"அத எதுக்குடி எடுத்துட்டுப் போற? அந்தப் பொண்ணு மனசு கஷ்டப்படும்."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அஜ்மான் திரும்பி நாலு நாள் படம் என் கைப்பைக்குள்ளேயே கிடந்தது. ஐந்தாம் நாள் எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் இருந்த கட்டடத்தை, கூரையை, டிக்கெட் ஜன்னலைப் பார்த்தாள். போனில் படம்பிடித்து, ஹௌஸா தெரிந்த ஓர் இந்திய அம்மா கொடுத்தது என்று எழுதி, ஊரில் இருக்கும் தன் அப்பாவுக்கு அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து ஷார்ஜா நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது அவள் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. கிழவரின் கரகரத்த குரல். முதல் வார்த்தையிலேயே என் முதுகு நிமிர்ந்துவிட்டது. அவர் ஹௌஸாவில் பேசினார். என்கோசி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

"அப்பா இந்த மொழி பேசி நான் கேட்டதே இல்ல. வீட்ல யாராவது பேசினா எழுந்து போயிடுவார்."

எனக்குத் தெரிந்தது பதின்மூன்று வயதுப் பிள்ளையின் ஹௌஸா. பாதி வார்த்தைகள் மறந்துபோயிருந்தன. கான் பாய் ரேடியோவை அணைத்தார். நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அவளுடைய அப்பா சொன்னதை அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். கூரை அதேதான் என்றார். நிலையத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் இருக்குமே, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். பக்கத்துத் தெருவின் ஹௌஸாப் பெண், அவருடைய நண்பனின் தாய். அவர்கள் ஆறு பேரையும் தானியக் குதிருக்குப் பின்னால் இரண்டு நாள் ஒளித்துவைத்து, தன் துணிகளைப் போர்த்தி ரயிலடிக்குக் கூட்டிவந்தவள் அவள்தான். இதை இத்தனை வருடமும் யாரிடமும் சொல்லவில்லை என்றார். அப்பாவைக் கொன்ற ஊரில் தனக்கு ஒரு அம்மா இருந்தாள் என்று எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லையாம்.

என்கோசி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மிச்சத்தைக் கேட்டோம். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது.

"என்ன கேக்கறார்?"

"'மகளே, எப்ப ஊருக்குத் திரும்பப் போற?'ன்னு கேக்கறார்."

"யாரை? என்னையா, உங்களையா?"

ஹௌஸாவில் எந்தப் பெண்ணுக்கும் அதே 'நீ'தான். வீட்டுக்கும் ஊருக்கும்கூட ஒரே சொல். எந்த ஊருக்கு என்று அவர் சொல்லவில்லை. என்கோசி போனை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்து, அந்தக் கடைசி வரியை மறுபடியும் ஓடவிட்டாள்.