இரை தேடப் போய் மாப்பிள்ளை பார்த்தவர்

சோரியாங்குப்பம் ஆதிமூலம் கல்யாணத் தரகர். பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரியில், பாகூர் கொம்யூன் என்ற வட்டாரத்தில் அவர் முடித்துவைத்தவை நாற்பத்தொரு கல்யாணங்கள். அவற்றில் முப்பத்தாறு நிலைத்தன. மீதி ஐந்துக்கும் அவர் சொன்ன காரணம் ஒன்றே: "ஜாதகம் சரி, மனுசங்கதான் சரியில்ல."

அவருடைய மனைவி தனக்கொடியின் தகப்பனார் சாகும்போது ஒரு குட்டையை மகளுக்கும் மகன் பலராமனுக்கும் பொதுவில் விட்டுப்போனார். பத்திர அதிகாரியான நொத்தேர் அதற்கான பத்திரத்தைப் பிரெஞ்சில் எழுதினார். கையெழுத்துப் போட்டவர்களுக்கு அதில் தங்கள் பெயர்கூட அடையாளம் தெரியவில்லை.

குட்டையில் விரால் இருந்தது. ஆதிமூலத்துக்கு விரால் குழம்பு என்றால் உயிர். தெய்வ பக்தி அதற்கு அடுத்தபடிதான். பலராமனுக்கோ கரும்புப் பைத்தியம். குட்டையைத் தூர்த்துக் கரும்பு நடவேண்டுமென்று வருஷா வருஷம் சண்டைக்கு வருவான். 1931இல் நியாயமும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டது. சிறுமீன்களையெல்லாம் தின்று தீர்த்த விரால்கள் தம் குஞ்சுகளையே தின்னத் தொடங்கியிருந்தன. கொம்யூன் குமாஸ்தாக்களைப் போல் தலை மட்டும் பெருத்து, உடம்பு ஒட்டிக் கிடந்தன.

"இன்னா மாமா, இது மீனா, ஊதுவத்தியா?" என்றான் பலராமன்.

"இரை இல்லடா. இரை வுட்டா தொடை மாதிரி ஆவும்."

"சரி, வுடு. சித்திரையில தண்ணி வத்தும்போது வர்றேன். முழங்கை நீளத்துக்கு ஒண்ணே ஒண்ணு காட்டு, நான் வாயத் தொறக்கமாட்டேன். இல்லன்னா மண்ணு கொட்டுவேன். அக்கா அழுதாலும் கொட்டுவேன்."

"நான் ஏன்டா அழுவப்போறேன்? கொழம்பு வக்கிற வேலை மிச்சம்" என்றாள் தனக்கொடி.

ஆனால் அவன் போனதும் அவளே புருஷனுக்கு வழி சொன்னாள். "வாய்க்கால்ல கெண்டைப்பொடி மொய்க்குதுய்யா. ரெண்டு கூடை வாரிக் கொட்டு. அது முட்டை போட்டுக்கினே இருக்கும், இது தின்னுக்கினே இருக்கும்."

"கெண்டைப்பொடியா? கைல எடுத்தா செத்துப்போவுது. அதெல்லாம் ஒரு குலமா?"

இங்கேதான் பிசகியது. விராலுக்கு விடும் மீன் சிறியதாக, முள் குறைந்ததாக, மறுபேச்சில்லாமல் சாவதாக இருக்கவேண்டும். ஆதிமூலத்தின் கண் அப்படிப் பழகியதல்ல. ஆயுசு கெட்டியா, உடம்பில் பலம் உண்டா, வம்சம் பெருகுமா என்று பார்த்தே பழகியது.

வில்லியனூர் சந்தைக்குப் போனார். அங்கே ஜலாலுதீன் பானைகளில் உயிர்மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அயிரையைக் காட்டினார்.

"எந்நேரமும் சேத்துல மூஞ்சியப் பொதச்சிக்கினு இருக்குமே பாய். சபைக்கு ஆவாது."

கெளுத்தியைக் காட்டினார்.

"மீசையப் பாரு, சிப்பாய் மாதிரி. வேணாம்."

ஜலாலுதீன் மூன்றாவது பானையிலிருந்து ஒரு பனையேறியை எடுத்துத் தரையில் விட்டார். அது செவுளை ஊன்றி ஊன்றி நடக்கத் தொடங்கியது. அந்த மீன் பனைமரம் ஏறும் என்று சொல்வார்கள். ஏறியதைக் கண்ணால் கண்டவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. ஆனால் நடப்பது நிஜம்.

"தண்ணி இல்லாமலே நடக்குது பாரு அண்ணே. லேசுல சாவாது."

"நோய் நொடி?"

"கெடையாது."

"புள்ளகுட்டி?"

"எண்ண முடியாது."

"சொந்தக் கால்ல நிக்கிறவன். முடிச்சிடலாம் பாய்!"

"ஆமா, எதுக்குண்ணே இது?"

"விராலுக்கு இரை."

ஜலாலுதீன் அவரைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், வியாபாரி அல்லவா, "விராலு குடுத்து வச்சது" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார்.

ஒரு வண்டிப் பானை பனையேறி குட்டைக்குள் இறங்கியது. விழுங்கப் பார்த்த இரண்டு விரால்களின் தொண்டையில் செவுள்முள் மாட்டி, இரண்டும் செத்து மிதந்தன. மற்ற விரால்கள் புதுக்குடிகளைக் கண்டால் ஒதுங்கிப்போயின. ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டியதும் பனையேறிகள் கரையேறி, தண்ணீர் ஓடிய வழியே வரிசையாகப் பலராமன் வீட்டுத் தோட்டத்துக்குள் நடந்தன. ஒன்றிரண்டு எல்லை தாண்டி இங்கிலீஷ்காரன் பூமிக்கும் போயிருக்கலாம். சுங்கக்காரர்கள் மறித்ததாகத் தகவல் இல்லை.

"மாமா! உன் மாப்பிள்ளைங்க மறுவூட்டுக்கு வந்திருக்காங்க!" என்று வேலிக்கு அந்தப்புறமிருந்து பலராமன் கத்தினான். அவன் மனைவி அம்சவள்ளி மாப்பிள்ளைகளைச் சாம்பலில் புரட்டித் தேய்த்து, புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். குட்டையில் மிச்சம் இருந்தவையும் சும்மா இல்லை, பெருகின. ஒவ்வொரு மழைக்கும் ஒரு ஊர்வலம் போயிற்று. ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் ஒரு குழம்பு.

சித்திரையில் தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றியது. இருந்ததில் பெரிய விராலைப் பிடித்துத் தன் முழங்கையோடு சேர்த்துவைத்தார் ஆதிமூலம். மணிக்கட்டைக்கூட எட்டவில்லை. வாலைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்தும் பார்த்தார்.

"மண்ணு வண்டி எப்ப வருதுடா?" என்று கடைசியில் அவரே கேட்டார்.

பலராமன் விராலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேற்றைக் காலால் கிளறிக்கொண்டிருந்தான். "இதுல பனையேறி எவ்ளோ மாமா தேறும்?"

"அது எதுக்கு உனக்கு?"

"ஐப்பசிக்கு அம்சவள்ளியோட அண்ணன் வூட்டு ஜனம் வருது. பனையேறி கொழம்பு போடறேன்னு சொல்லிட்டா. மண்ணு கெடக்குது வுடு மாமா."

"அப்ப கரும்பு?" என்றாள் தனக்கொடி.

"கரும்பக் கொழம்பு வக்க முடியுமாக்கா?"

குட்டை பிழைத்தது. அன்று சாயங்காலமே தனக்கொடி புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாய்க்காலில் கூடை போட்டுக் கெண்டைப்பொடி வாரிவந்து கொட்டினாள். மறுவருஷம் விரால்கள் தொடை தொடையாக எழும்பின. எப்படி வளர்ந்தன என்று கேட்டவர்களிடமெல்லாம் ஆதிமூலம் சாகும்வரை ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார்: "எல்லாம் நான் பார்த்து வுட்ட பனையேறி."