எட்டிப் போட்ட நடை

மலேசியாவின் புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கிறேன். நடையை எட்டிப் போடுகிற மனிதர்களைக் கைப்பேசியில் படம் பிடிப்பதுதான் இந்தப் பயணத்தில் என் பைத்தியம். கடைத்தெருக் கால்வாயை ஒரு பெண் ஒரே எட்டில் தாண்டுகிறார். கையில் குளிர்பானப் புட்டி, தோளில் பறக்கும் துப்பட்டா. எங்கள் பழைய எஸ்டேட் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுவிட்டு நிமிர்கிறேன். அவர் என்னை நோக்கி வருகிறார், அதே வேகத்தில்.

"அண்ணே, என்னையத்தானே படம் புடிச்சீங்க? அழிச்சிருங்கலா!"

"ஏம்மா?"

"முட்டி வலின்னு டாக்டர்கிட்ட எம்.சி. வாங்கி மெடிக்கல் லீவு எடுத்திருக்கேன். மக ஸ்கூல்ல இன்னிக்கு ஓட்டப்போட்டி. பெக்டரில லீவு கேட்டா சூப்பர்வைசர் குடுக்கல."

குழுவில் போட்டுவிட்டதைச் சொல்கிறேன். எந்த எஸ்டேட் என்கிறார். பெயரைச் சொன்னதும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறார்.

"ஐயோ, எங்க சூப்பர்வைசரும் அங்க பொறந்தவர்தான்!"

எல்லோருக்கும் மறையும்படி அழிக்கிறேன். அவர் பிடி தளர்கிறது. அதற்குள் கைப்பேசி அதிர்கிறது. இருவரும் குனிந்து பார்க்கிறோம்.

'அது நம்ம பெக்டரி சாந்திதானே? முட்டி அதுக்குள்ள சரியாப் போச்சா?'

சாந்தி அதையே வெறித்துப் பார்க்கிறார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கிறேன்.

"விடுங்கண்ணே. ஓட்டம் ஆரம்பிச்சிருவாங்க."

பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம் திரும்புகிறார். இந்த முறை அவர் நடக்கவில்லை, ஓடுகிறார்.