கசோவரிக் கதவைத் திறந்தவன்

அந்தக் கதவைத் திறந்தவன் நான்தான். போன மாதம் வரை, எட்டு வருடங்களாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஊரில் நான் உயிரியல் ஆசிரியர். ரொறொன்ரோவுக்கு வெளியே ஒரு சிறிய விலங்குப் பூங்காவில், பறவைப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றேன். கண்ணாடிக் கூரைக்கு மேல் பனி கொட்டும். கீழே மழைக்காட்டு மண்டபத்தில் நீராவி மிதக்கும். அதற்குள் கசோவரிப் பறவை நிற்கும், ஆணும் பெண்ணுமாய் ஒரு சோடி. என் உயரம், நீலக் கழுத்து, அதில் தொங்கும் சிவந்த தசை, தலையில் கொம்புத் தொப்பி, காலின் உள்விரலில் கத்தி போன்ற நகம். பறக்காது. அது முழங்கினால் காதுக்கு முன் விலா எலும்புக்குக் கேட்கும். இன்றும் கனவில் கேட்கிறது.

எட்டு வருடத்துக்கு முன், ஒரு மாரிக் குளிரில் பெண் பறவை நான்கு பச்சை முட்டைகள் இட்டது. பெண்ணை அடுத்த அடைப்புக்கு மாற்றி நடுக்கதவைப் பூட்டினோம். ஆண்தான் அடைகாத்தது. அசையவில்லை, பப்பாளித் துண்டைத் தொடவுமில்லை.

“தாய் இல்லாமல் எப்பிடியடாப்பா?” என்று கூட வேலைசெய்த சிவத்திடம் கேட்டேன். அந்தப் பறவைக்காகவே அந்த வேலைக்கு வந்தவன் அவன்.

“மாஸ்டர், உவர்தான் தாயும் தகப்பனும். மனிசி வந்தா இவருக்கு உதைதான் விழும். கதவுப் பக்கம் போயிடாதேங்கோ!” என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. என் பிள்ளைகளை மனைவி ஊரில் தனியே வளர்த்தபோது நான் ரொறொன்ரோவின் பார்க்டேலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். தகப்பன் மட்டும் போதும் என்பதை என் படிப்பு ஒப்புக்கொண்டது; மனம் ஒப்பவில்லை. மறுநாள் காலை, சிவம் வருமுன், கதவைத் திறந்தேன்.

பெண் பாய்ந்தது. ஆண் எழுந்து ஓடியது. ஓடிய கால்களின் கீழ் மூன்று முட்டைகள் நொறுங்கின. பெண்ணைப் பழவாளி காட்டி மறுபக்கம் இழுத்துப் பூட்டினேன். பிறகு டெய்லி ரிப்போர்ட்டில், ‘நடுக்கதவு நேற்றுச் சரியாகப் பூட்டப்படவில்லை’ என்று எழுதினேன். முந்தின நாள் மாலை அந்தக் கதவைச் சரிபார்த்துப் பூட்டியவன் சிவம். அந்த வாரமே அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அஜக்ஸ் நகரில் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி அடுக்கப் போனான்.

மிஞ்சிய முட்டையில் கீறல். அது பொரிக்காது என்று எனக்குத் தெரியும். ஆண் திரும்பி வந்து, அதன்மேல் ஏழு வாரம் இருந்தது. நான் தினமும் ‘அடைகாக்கிறது’ என்று எழுதினேன்.

போன மாதம் சிவத்தின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

“நான் பூட்டினது எனக்குத் தெரியாதோ மாஸ்டர்? நீங்களே வந்து சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரிப்போர்ட்டில் கதவைப் பற்றி மட்டும் எழுதாதீர்கள். திறந்தவரின் பெயரை எழுதுங்கள், அன்றே.