இலோனாவின் நீண்ட சென்டிமீட்டர்

ஹங்கேரியில் சென்டிமீட்டர் நம்முடையதைவிட நீளம் என்று இரண்டு நாள் முழுமையாக நம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில் இதை ஒப்புக்கொள்வது அவ்வளவு சுகமாக இல்லை.

செவ்வாய், காலை 9.10. பிரெஞ்சுத் தலைநகரின் புறநகரான வில்லியே லே பெல்லில் ரயில் ஏறினேன். டிக்கெட் இரண்டரை யூரோ. அக்காவின் கணவர் வெள்ளிக்கிழமை நகருக்குள் லாச்சப்பலில் சாப்பாட்டுக் கடை திறக்கிறார். கல்லாவுக்கு மேலே, இருபத்தொரு சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மாடம் கட்டியாகிவிட்டது. அதற்கு இருபது சென்டிமீட்டர் பீங்கான் பிள்ளையார். செய்கிறவர் இலோனா, எழுபது வயதுச் சிற்பி. பதினாறு வயதில் ஹங்கேரியில் ஒரு பீங்கான் ஆலையில் சேர்ந்து, முப்பது ஆண்டுகள் நடனக்காரிகளும் வாத்துகளும் வடித்தவர். எத்தனையோ வீட்டு அலமாரிகளில் அவருடைய வாத்துகள் நிற்கின்றன. அடியில் ஆலை முத்திரை உண்டு, அவர் பெயர் கிடையாது.

10.15. ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கம், பாலத்துக்கு அருகே அவர் பட்டறை. மேசையில் பிளாஸ்டரில் செய்த மாதிரிப் பிள்ளையார். எரிந்துகொண்டிருந்த சூளையைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. என் டேப்பை எடுத்து அளந்தேன்: இருபத்துநான்கு! தும்பிக்கைப் பக்கமாக அளந்தேன், முதுகுப் பக்கமாக அளந்தேன், பிள்ளையார் விட்டுக்கொடுக்கவில்லை. இலோனா தன் பழைய ஹங்கேரி மர அளவுகோலை வைத்தார். அதில் இருபது. அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பிடித்து மெல்ல ஒன்றாகக் கொண்டுவந்தார். நானும் பணிவாகக் கும்பிட்டேன். அவர் மறுபடி செய்தார். நானும் மறுபடி. மூன்று முறை.

வெளியே வந்து, இன்னொரு புறநகரான கூசேன்வில்லில் கடைக்குக் குளிர்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த அத்தானை அழைத்தேன்.

"அத்தான், பிள்ளையார் மாடத்துக்கை போகார்! ஹங்கேரியிலை சென்டிமீட்டர் பெரிசு போல கிடக்கு."

"விசரே, அவவுக்குத் தெரியாத அளவோ? நான் வருமட்டும் ஒண்டிலையும் கை வையாதை."

என் வாழ்நாளில் நான் கேட்டு நடக்காத ஒரே அறிவுரை இதுதான்; இதைத்தான் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

11.30. கடையில் மேசன் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, மாடத்தை உயரமும் அகலமும் இருபத்தெட்டா இடியுங்கோ."

"உங்கடை அத்தான் சொன்னவரோ?"

"ஓம்" என்றேன், சுவரைப் பார்த்தபடி.

"பிறகு திருப்பிக் கட்டச் சொல்லக் கூடாது. நாளையிலையிருந்து எனக்கு வேறை இடத்திலை வேலை."

வியாழன், மாலை 4.00. இலோனா பெட்டியோடு கடைக்கு வந்தார். வைக்கோலுக்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று பிள்ளையார் எழுந்தார். என் டேப்பில் சரியாக இருபது. அடியில் இலோனா தன் பெயரைக் கீறியிருந்தார். அதை அவரே இரண்டு தரம் தடவிப் பார்த்தார்.

அவர் சொல்லச் சொல்ல அத்தான் தமிழில் சொன்னார்: "சூளைக்குள்ளை பீங்கான் ஆறிலை ஒரு பங்கு சுருங்குமாம். அதாலைதான் மாதிரியைப் பெரிசாச் செய்யிறது. அந்த மர அடிமட்டத்திலை கோடுகளும் தள்ளித் தள்ளித்தான் இருக்குமாம். கையாலை சுருக்கிக் காட்டினவவாம். நீ கும்பிட்டனியாம்."

"மரியாதைக்கு, அத்தான்."

"மூண்டு தரமோ?"

இலோனா சுவரிலிருந்த பள்ளத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அதை அத்தான் மொழிபெயர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடை திறந்தது. மாடத்தில் பிள்ளையார் இடது ஓரமாக இருக்கிறார். வலது பக்கம் வைஃபை பெட்டி இருக்கிறது.