கொயிலுக்குக் கிட்ட வராதீங்க

என் கணவருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த பிறகு, வீட்டிலிருந்த ஒவ்வொரு கரண்ட் சாமானையும் நான் பயத்தோடுதான் பார்த்தேன். அவருடைய தொழிலே அந்தச் சாமான்கள்தான். சாய்ந்தமருதில் என்னைப் பெற்ற உம்மா எனக்குத் தந்த வீட்டின் முன்னறையில் கலியாணமான காலத்திலிருந்து தண்ணி மோட்டர், ஃபேன், பள்ளிவாசல் அம்ப்ளிஃபயர் என்று திருத்திக்கொண்டிருந்தவர். ஒருநாள் அதிகாலை சுபஹ் தொழப் பள்ளிவாசலுக்குப் போனவர், ஹவுள் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் கைகால் கழுவி வுழூ எடுக்கும்போதே மயங்கி விழுந்தார். இதயம் நின்று நின்று ஓடுகிறது என்றார்கள். தோலுக்கடியில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு சாமானை வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

வரும்போது டொக்டர் சொன்னார்: “வீட்டு ஃபேன், டீவி ஒன்றுக்கும் பயப்படத் தேவையில்லை. ஆனால் பெரிய காந்தம், திறந்திருக்கிற மோட்டர், கரண்ட் ஏறின கொயில் என்கிற கம்பிச் சுருள், இதுகளுக்கு மேல் நெஞ்சைக் கொண்டுபோய்க் குனிய வேண்டாம். தள்ளி நில்லுங்கள்.”

“மறந்து குனிஞ்சிட்டா என்ன நடக்கும் டொக்டர்?” என்று நான்தான் கேட்டேன்.

“சில நேரம் உள்ளே இருக்கிறது குழம்பும். விலகினால் சரியாகிவிடும்.”

அவர் தலையாட்டிவிட்டு எழுந்தார். எனக்கு அந்தச் ‘சில நேரம்’ மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு முன்னறை பூட்டியே கிடந்தது. அவர் காலையில் பேப்பர் பார்ப்பார், பிறகு வாசலைப் பார்ப்பார். அப்படியிருக்கும்போதுதான் அறுகம்பேயில் விடுதி நடத்தும் ஒருவர் சின்ன லொறியொன்றில் பழுதான ஒரு பின்போல் மெசினை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். நான்கு கால் வைத்த நீட்டு மேசை, மேலே கண்ணாடி. அதற்குள் இரும்புக் குண்டை அடித்து ஓடவைக்கிற விளையாட்டு. அலையில் விளையாட வரும் வெள்ளைக்காரர்கள் மாலையில் அதைச் சுற்றித்தான் நிற்பார்களாம்.

“காக்கா” என்று அண்ணன் முறையில் கூப்பிட்டார். “சீசன் தொடங்கப் போகுது. கொழும்பில கேட்டா ஒருத்தரும் தொடமாட்டம் என்கிறாங்க. நீங்கதான் பாக்கணும்” என்றார்.

என் கணவர் மெசினைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அந்த முகத்தை நான் பார்த்திருக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “வேலைய நான் செய்யிறன். நீங்க வாசலடியில இருந்து சொல்லுங்க” என்றேன். கடையில் ஆளில்லாத நேரங்களில் ரேடியோ வயர்களுக்கு ஈயம் வைத்து ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். அவ்வளவுதான் என் பழக்கம்.

அவருக்கு வாசலடியில் பிளாஸ்டிக் கதிரை போட்டேன். நடுவில் தடுப்பாக, உட்காரும் வாங்கொன்றை இழுத்துவிட்டேன்.

கண்ணாடியைக் கழற்றி, விளையாடும் பலகையைக் கார் பொனட்டைப் போலத் தூக்கி நிறுத்தினேன். அடியில் கண்கொள்ளாத வயர். நூல்கட்டை அளவில் கொயில்கள் வரிசையாக இருந்தன. கரண்ட் போனதும் கொயில் நடுவிலுள்ள இரும்புக் கம்பியை உள்ளே இழுக்கும், அந்த அடியில்தான் குண்டு பாய்கிறது என்று அவர் விளக்கினார். ஒரு கொயிலின் தலைமயிர் போன்ற செம்புக் கம்பி அதன் காலடியில் அறுந்து தொங்கியது.

“பிளக்கக் களட்டிட்டியா?”

“களட்டிட்டன்.”

“கையில தூக்கிக் காட்டு, பாப்பம்.”

காட்டினேன். கம்பியின் மேலிருந்த அரக்குப் பூச்சை பிளேட்டால் சுரண்டச் சொன்னார். சுரண்டிக்கொண்டிருக்கும்போது, “கரண்டக் களட்டினாலும் உள்ளுக்கு மிச்சம் நிக்கும் புள்ள, அந்தப் பெரிய டப்பாப் பக்கம் கை போகாமப் பாத்துக்க” என்றார், சோற்றில் கல் கிடக்கிறது என்று சொல்வது போல. நான் பிளேட்டை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய் காவல் தேடும் ஆயத்துல் குர்ஸி ஓதினேன். தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோது அவர் வாங்கைத் தாண்டி மெசின் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

“கொயிலுக்குக் கிட்ட வராதீங்க!”

“கரண்டே இல்லாத மெசின், என்னத்துக்குச் சத்தம் போடுறாய்?” என்றார். ஆனாலும் போய் உட்கார்ந்தார்.

கம்பியைக் கொயிலின் காலில் சுற்றினேன். ஈயம் உருக்கும் சூட்டிரும்பை எடுத்து வைத்தேன். “ஈயத்த இரும்பில வைக்காத, கம்பியில வை. கம்பி சூடானா அதுவா இழுத்துக்கும்” என்றார். அப்படியே இழுத்தது. பிறகு, கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற டயோட். அரிசியளவு சாமான், ஒரு நுனியில் வெள்ளைக் கோடு. “கோடு பெரிய வயர்ப் பக்கம்தானே?” என்று நான் திரும்பத் திரும்பக் கேட்க, அவர் திரும்பத் திரும்ப “ஓம்” என்றார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு போட்டுப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். பிளக்கைத் திரும்ப மாட்டினேன். சுவரிலிருந்த சுவிட்ச் அவர் கதிரைக்குப் பக்கத்தில். அங்கிருந்து கொயில் தூரம்தான் என்பதால் அதை அவரே போடட்டும் என்று விட்டேன்.

போட்டார். விளக்குகள் எரிந்தன, ஏதோ ஒரு பாட்டும் வந்தது. அதோடு ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். நான் ஈயம் வைத்த கொயில் இரும்புக் கம்பியை உள்ளே இழுத்தது. இழுத்ததை விடவில்லை. அரக்கு எரியும் மணம் மூக்கில் ஏறியது. பலகைக்கடியிலிருந்து புகை கிளம்பியது.

“நிப்பாட்டுங்க! சுவிட்ச நிப்பாட்டுங்க!”

அவர் சுவிட்சுப் பக்கம் திரும்பவே இல்லை. இத்தனை வருடப் பழக்கம் அவரை மெசினுக்குத்தான் இழுத்தது. வாங்கைத் தாண்டி வந்து, திறந்து நின்ற பலகைக்குள் குனிந்து வயரைப் பிடுங்கக் கை நீட்டினார். நான் இரண்டு கையாலும் அவரைத் தள்ளினேன். அவர் பின்னால் போய் அலுமாரியில் மோதி நிலத்தில் விழுந்தார். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

திரும்பிப் பார்த்தேன். அலுமாரியில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அசையவில்லை. அப்போதுதான் எங்கே தள்ளினேன் என்று எனக்கு உறைத்தது. நெஞ்சில். இடது பக்கம், தையல் போட்ட இடத்தில்.

“இஞ்சேருங்க.”

நான்தான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். வெளியூரிலிருக்கும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்தேன், அந்த அளவுக்குப் போய்விட்டது மனது. தவழ்ந்தது போலப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். துடித்தது. ஆனால் துடிப்பது அவர் நாடியா, என் விரலா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.

“பொறு புள்ள” என்றார், கண்ணைத் திறக்காமல். “எண்ணிக்கொண்டிருக்கிறன். குழப்பாத.”

வலது கையால் தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் பழக்கிவிட்டது அது. எண்ணி முடித்து, “சரியாத்தான் ஓடுது” என்றார். நான் அழுதுகொண்டே வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன்.

போக மாட்டேன் என்றவரை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கடைத்தெரு தாண்டும்போது மெதுவாகச் சொன்னார்: “எனக்கும் பயம்தான். நெஞ்சுக்கில்ல. இப்படியே கதிரையில இருந்து முடிஞ்சிருமோ எண்டு.” அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஈசிஜி எடுத்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார்கள். தோளில் மட்டும் கன்றியிருந்தது. “தள்ளினது நல்லதுதான். அடுத்த முறை நெஞ்சில் கை வைக்காமல் தள்ளுங்கள்” என்று டொக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மெசினின் பியூஸைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். முன்பு யாரோ எரிந்த பியூஸுக்கு சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்திருந்தார்கள், அது எரிந்து கரண்டை வெட்டவில்லை. கொயிலுக்குக் கரண்டைக் கொடுத்து நிறுத்தும் பகுதியும் கெட்டுப்போய், நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே இருந்தது. என் ஈயத்தில் பிழையில்லை. எரிந்த கொயிலுக்குப் புதுக் கம்பியை அவரே இருந்து சுற்றினார். கரண்ட் இல்லாத வேலை, நானும் தடுக்கவில்லை. புதுப் பியூஸும் கெட்ட பகுதிக்கு மாற்றும் கல்முனையில் தேடி எடுத்தோம். திரும்பவும் நானே ஈயம் வைத்தேன்.

இந்த முறை சுவிட்சைப் போட்டதும் நான்தான். அவரை வாசல் கேட்டுக்கு வெளியே, ரோட்டில் நிற்க வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். ‘டக்’ என்று இழுத்தது. உடனே விட்டது.

“என்ன நடந்தது?” என்று ரோட்டிலிருந்து கத்தினார்.

“விட்டுட்டுது! இழுத்துட்டு விட்டுட்டுது!”

அடுத்த நாள் லொறி வந்து மெசினை ஏற்றிக்கொண்டு போனது. அவர் முன்னறையைக் கூட்டிக்கொண்டே, பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டரை எப்போது தொடங்குவோம் என்று கேட்டார். நாளைக்குப் பார்ப்போம் என்றேன். அப்போதுதான் வலது பெருவிரல் எரிவது தெரிந்தது. பார்த்தால், கொப்புளம். எப்போது சுட்டதென்று எனக்கு நினைவே இல்லை.