ஆடியில் சம்பந்தி படித்த புத்தகங்கள்

கல்யாணம் முடிந்த வீட்டில் வேறு எது மிஞ்சுகிறதோ இல்லையோ, தாம்பூலப் பை மிஞ்சும். என் மகள் கல்யாணத்தில் மிஞ்சியவை இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு கட்டாகப் பிரிந்தன. வெளிர்மஞ்சள் துணி. ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் சிவப்பு எழுத்தில் பெண்ணின் பெயரும் பையனின் பெயரும். என் பங்கில் நான் வெங்காயம் போட்டு வைத்தேன். சம்பந்தியம்மா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, தன் பங்கில் ஒன்றை எடுத்துப் புத்தகம் சுமந்தார்.

அவர்கள் மாடம்பாக்கத்துப் பழைய குடும்பம். கோயிலுக்குப் பின்னால் சொந்த வீடு, நெல் விளைந்த நிலத்தில் இப்போது வாடகைக் கடைகள். நான் அஸ்தினாபுரத்தில் இரண்டாவது மாடி ஃபிளாட்காரி. இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் போய்விட்டார், அவரும் நானும் வாங்கிய புத்தகங்கள் ஒரு சுவர் முழுக்க இருக்கின்றன. பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சம்பந்தி மட்டும் அந்த அலமாரி முன்னால் போய் நின்றார். ஒரு புத்தகத்தை எடுத்தார், கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் படித்தார், திரும்ப வைத்தார். இவர் என்ன இப்படிப் படிக்கிறார் என்று அன்றைக்கே எனக்கு ஒரு எரிச்சல். நான் கடைசிப் பக்கத்தைத் தப்பித்தவறிக்கூடப் பார்க்காத ஜாதி.

கல்யாணமான முதல் வருஷம் பெண்ணை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம் இல்லையா, அப்படித்தான் மகள் வந்தாள். வந்த மறுநாள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "நான் திரும்பிப் போகப் போறதில்லம்மா" என்றாள். ஏன் என்று கேட்டேன். "இப்ப கேக்காதே" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கீழ்வீட்டில் "ஆடிக்கு வந்திருக்காளா?" என்றால் "ஆமா" என்பேன், மாவு மில்லில் கேட்டால் "ஆமா" என்பேன். அந்த ஒரு மாதம் எங்களுக்குக் கிடைத்த மறைப்பு. ஆவணி பிறந்ததும் ஊருக்கு என்ன பதில் சொல்வது, அதைவிட, அந்த அம்மாளிடம் யார் போய்ச் சொல்வது என்பதுதான் என் கவலையெல்லாம்.

முதல் வாரமே அந்த அம்மாள் வாசலில் வந்து நின்றார். ஷேர் ஆட்டோ மாறி வந்த வியர்வை, கையில் அந்தத் தாம்பூலப் பை. "புஸ்தகம் ஒண்ணு குடுங்க சம்பந்தி. ஆடி மாசம், வூட்ல ஒரு விசேஷமும் கிடையாது, பொழுது போக மாட்டேங்குது" என்றார். மூடியிருந்த அறைக் கதவைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு, சீக்கிரம் திரும்பி வரக்கூடாது என்று மூன்று தலைமுறைக் கதை சொல்லும் தலையணை அளவு நாவலை எடுத்துக் கொடுத்தேன். நாலே நாளில் முடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"நல்லாத்தான் எழுதிகிறாரு" என்றார் காபியை ஆற்றியபடி. "ஆனா எல்லாரும் பேசிகினே இருக்காங்க. சொத்து, சாதி, சுதந்திரம், எல்லாம் பேசறாங்க. ஒருத்தராவது இன்னொருத்தரப் பாத்து சாப்பிட்டியான்னு கேக்கறாங்களா, சொல்லுங்க." எனக்குச் சுருக்கென்றது. மாமியாரை என் பெண் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை என்கிறாரா? அந்த மாதம் முழுவதும் எனக்கு இதே பிழைப்பாகிவிட்டது. அவர் புத்தகத்தைப் பற்றிப் பேசுவார், எனக்கு மகளைப் பற்றிப் பேசுவதாகவே காதில் விழும்.

துப்பறியும் நாவல் கொண்டுபோனார். "கொலை பண்ணவன் யாருன்னு மொதல்லயே பாத்துட்டேன். முடிவு தெரிஞ்சிட்டா நிம்மதியா படிக்கலாம், இல்லன்னா யாரோ துரத்தறா மாதிரி கீது. போலீஸ்காரருக்கு மெடல் குடுக்கறாங்க சம்பந்தி. செத்தவன் பொண்டாட்டி இன்னா ஆனான்னு ஒரு வரி இல்ல." இமயமலைப் பயணக் கட்டுரையை முடித்துவிட்டு, "அவ்ளோ தூரம் நடந்தாரே, வூட்ல இருக்கறவங்களுக்கு ஒரு போன் பண்ணாரா?" என்றார். கவிதைத் தொகுப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, நிறைய வெற்றிடம் விட்டிருக்கிறார்கள், பால் கணக்கு எழுதலாம் என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் அதில் ஒரு பக்கத்தின் ஓரம் மடிந்திருந்தது. அதற்காக அவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த மாதம் அவர் மிகவும் ரசித்த புத்தகம் ஒரு வாஸ்து புத்தகம். அதைப் படித்துவிட்டு வந்து, என் ஃபிரிட்ஜ் இருக்கும் மூலை சரியில்லை என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் போனதும் நகர்த்தி வைத்தேன்.

ஒரு நாவலை மட்டும் நான் மற்றவற்றுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். கட்டிக்கொண்ட வீட்டை விட்டு ஒரு பெண் வெளியேறுகிற கதை. ஆடி முடியப் போகும் சமயம், நான் அடுப்படியில் இருந்தபோது, சம்பந்தி தானாகவே அதைத் துழாவி எடுத்துவிட்டார். வழக்கம்போல நின்றபடியே கடைசிப் பக்கம். காபி டம்ளரோடு நான் அப்படியே நின்றேன். "போயிடறா" என்றார். பிறகு, "பரவால்ல, எடுத்துகினு போறேன்" என்று பைக்குள் வைத்தார். பையில் இருந்த இரண்டு பெயர்களும் என்னைப் பார்த்தபடி படியிறங்கின.

ஆடி கடைசி வெள்ளியன்று தூக்கில் கூழோடு வந்தார். தெருவில் அம்மன் பாட்டு ஸ்பீக்கர் அலறியது. புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். எப்போதும்போல காபி வரும்வரை காத்திருக்கவில்லை.

"அவ போனது தப்பில்ல சம்பந்தி. அங்க இருந்து இன்னா பண்ணுவா? ஆனா அந்த மாமியார்க்காரி ஜன்னலாண்ட நின்னு பாத்துகினே இருக்கா. போற பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசல. அதான் எனக்கு ஆறவே இல்ல."

சொல்லிவிட்டு எழுந்து போய் மகளின் அறைக் கதவைத் தட்டினார். கதவு திறந்தது, மூடியது. கூழ் ஆறிக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. "வரேன் சம்பந்தி" என்றார். புத்தகம் எதுவும் கேட்கவில்லை.

உள்ளே என்ன பேசினார் என்று மகள்தான் அழுது முடித்துவிட்டுச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமே இல்லையாம். வீட்டாருக்காகத் தலையாட்டியதாக இவளிடம் ஆனி மாதமே சொல்லிவிட்டாராம். "அத்தைகிட்டயும் அப்பவே சொல்லிட்டாராம்மா. அவங்களுக்கு ஆடிக்கு முன்னாடியே தெரியும். 'கட்டாயப்படுத்தினது நான்தான், நீ வர வேணாம் கண்ணு, ஆனா என்னை எங்கனா பாத்தா ரோடு மாறிப் போயிடாத'ன்னு சொன்னாங்க."

நான் வேவு என்று நினைத்தேன், மருமகளை அழைத்துப் போக நோட்டம் பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்த அம்மாள் முடிவு தெரிந்தே ஒரு மாதம் முழுக்க வந்திருக்கிறார். அன்று எனக்கு அவர்மேல் வந்த பிரியம், என் கூடப்பிறந்தவர்கள்மேல்கூட வந்ததில்லை.

பிறகு வக்கீல், கோர்ட், கையெழுத்து. அதற்கப்புறம் அவர் வரவில்லை. போன் செய்யலாம் என்று எடுப்பேன். எடுத்ததும் என்னவென்று கூப்பிடுவது? உறவு முறிந்த பிறகு சம்பந்தி என்ற சொல்லைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று வைத்துவிடுவேன்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. அதே வியர்வை, அதே பை. ஆனால் பையை உள்பக்கம் வெளியே தெரிய திருப்பியிருந்தார். தையல் பிசிறெல்லாம் தெரிந்தது. துணி வழியாகச் சிவப்பு எழுத்து லேசாக, படிக்க முடியாதபடி கசிந்திருந்தது.

"வாங்க சம்பந்தி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வேற எப்படிக் கூப்பிடுவீங்க?" என்றபடி செருப்பைக் கழற்றினார். "உங்க கவிதை புஸ்தகம் என்கிட்டயே தங்கிடுச்சு." அவர் திருப்பிக் கொடுத்துவிட்ட புத்தகம்தான் அது. அலமாரியில் ஓரம் மடிந்த பக்கத்தோடு இருக்கிறது. பைக்குள் இருந்தது அதன் இன்னொரு பிரதி, புதிதாகக் கடையில் வாங்கியது. நான் வாங்கிப் பழைய பிரதிக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

பேச்சுக் குரல் கேட்டு அறைக் கதவு திறந்தது. காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றியபடி மகள் வந்து நின்றாள். அவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"சாப்பிட்டீங்களா அத்தை?"

அன்று சம்பந்தி எங்களோடு சாப்பிட்டார். ரசம் இரண்டு தரம் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது ஒரு சரித்திர நாவலைக் கடைசிப் பக்கம் பார்த்துவிட்டு எடுத்துப் போனார். அவர் போன பிறகு நான் அடுப்படிக்குப் போய், என் வெங்காயப் பைகளைக் கொட்டி, அவற்றையும் உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி மாட்டினேன்.